கட்சி மாறினால் ஓட்டும் கூடவே வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் நெருங்க நெருங்க தேனாம்பேட்டை அண்ணா அறிவாலயம், ராயப்பேட்டை எம்.ஜி.ஆர். மாளிகை, தி.நகர் கமலாலயம், பனையூர் என்று சென்னையின் கட்சி அலுவலகங்களில் சால்வை வியாபாரம் சூடு பிடிக்கும். "இன்னைக்கு யாரு, எங்க?" என்பது டீக்கடையில் முதல் கேள்வி. அதையொட்டி எழும் மற்ற கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

கட்சித் தாவல் என்றால் சரியாக எது?

பேச்சு வழக்கில் யார் கட்சி மாறினாலும் தாவல்தான். வட்டச் செயலாளர் மாறினாலும் தாவல், முன்னாள் அமைச்சர் மாறினாலும் தாவல். சட்டத்துக்கு இவர்கள் யாரும் பொருட்டில்லை. பதவியில் இருக்கும் எம்.எல்.ஏ., எம்.எல்.சி., எம்.பி. மட்டும்தான் அதன் கணக்கில் வருவார்கள். முன்னாள் அமைச்சர் காலையில் ஒரு கட்சியிலும் மாலையில் இன்னொரு கட்சியிலும் இருக்கலாம், கேட்க ஆளில்லை. நாம் தினமும் செய்தியில் பார்ப்பதில் பெரும்பகுதி சட்டத்தின் கணக்கில் வராத இந்த வகைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1967இல் அரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்ற கிண்டல் அப்போது பிறந்தது. சட்டம் வர மேலும் 18 வருடம் ஆனது. 1985இல், ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது, 52ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணை சேர்ந்தது.

பதவி பறிபோக முக்கியமாக இரண்டு காரணங்கள். ஒன்று, தானாகக் கட்சியை விட்டு விலகுவது. இரண்டு, கொறடா உத்தரவை, அதாவது சபையில் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி இடும் கட்டளையை, மீறி ஓட்டுப் போடுவது, அல்லது ஓட்டெடுப்புக்கே வராமல் இருப்பது. இரண்டாவதில் 15 நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் பிரச்சினை இல்லை. சுயேச்சையாக ஜெயித்தவர் எந்தக் கட்சியிலும் சேரக் கூடாது. நியமன உறுப்பினருக்கு மட்டும் ஆறு மாதம் அவகாசம்.

இதில் கவனிக்க வேண்டியது 'தானாக விலகுவது'. ராஜினாமா கடிதம் கொடுத்தால்தான் விலகியதாக ஆகும் என்றில்லை, நடத்தையை வைத்தே முடிவு செய்யலாம் என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முடிவு செய்வது சபாநாயகர். இங்கேதான் கதையே ஆரம்பிக்கிறது.

கூட்டமாகப் போனால் தப்பிக்கலாம் என்கிறார்களே?

முன்பு மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து பிரிந்தால் 'பிளவு' என்று தப்பிக்கலாம். 2003இல் வந்த 91ஆவது திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது 'இணைப்பு'. அதற்குச் சட்டமன்றக் கட்சியில் மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டும். 2021இல் அ.தி.மு.க.வுக்கு 66 எம்.எல்.ஏ.க்கள். அதில் 44 பேர் ஒன்றாகக் கிளம்பினால்தான் இந்தக் கதவு திறக்கும். தமிழ்நாடு மாதிரி பெரிய சட்டமன்றத்தில் அது லேசில் நடக்காது. கோவா மாதிரி சின்ன சட்டமன்றத்தில் கைவிரல் விட்டு எண்ணினால் போதும்: 2019இல் காங்கிரஸின் 15 பேரில் 10 பேர் பா.ஜ.க.வில் இணைந்தார்கள், 2022இல் 11 பேரில் 8 பேர். சில்லறையாகப் போனால் குற்றம், மொத்தமாகப் போனால் சட்டப்படி சரி. இந்த விநோதத்தை யாரும் இன்னும் சரி செய்யவில்லை.

2017இல் 18 பேர் பதவி போனது, 11 பேர் தப்பித்தார்கள். எப்படி?

தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு விவகாரம் போதும்.

2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை ஓட்டுக் கோரினார். ஆதரவாக 122, எதிராக 11. அந்த 11 பேர் ஓ. பன்னீர்செல்வமும் அவருடன் இருந்த எம்.எல்.ஏ.க்களும். கொறடா உத்தரவை மீறியது வெளிப்படை. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் இரு அணிகளும் கைகோத்தன, பன்னீர்செல்வம் துணை முதல்வரானார். அடுத்த நாள், ஆகஸ்ட் 22 அன்று, டி.டி.வி. தினகரன் பக்கம் இருந்த 19 எம்.எல்.ஏ.க்கள் ஆளுநரைப் பார்த்து, முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அவர்கள் வேறு கட்சியில் சேரவில்லை, சபையில் எதிர்த்து ஓட்டும் போடவில்லை. ஒருவர் மனம் மாறித் திரும்பிவிட, மீதி 18 பேரைச் செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் தகுதி நீக்கம் செய்தார்.

கடிதம் கொடுத்தவர்கள் போனார்கள், எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் இருந்தார்கள். 18 பேர் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் முதலில் இரண்டு நீதிபதிகளிடம் இரண்டு விதமாகத் தீர்ப்பானது. மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதி நீக்கம் செல்லும் என்றார். 11 பேர் மீதான மனுவோ சபாநாயகர் முன் கிடந்து, உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பி, அதற்குள் 2021 தேர்தலே வந்துவிட்டது.

சபாநாயகர் ஆளுங்கட்சியில் இருந்து வருகிறவர். முடிவெடுக்கவும் அவரால் முடியும், எடுக்காமல் இருக்கவும் முடியும். அவர் முடிவை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று 1992லேயே தீர்ப்பு உண்டு. ஆனால் முடிவே எடுக்காவிட்டால் எதைப் பரிசீலிப்பது? மூன்று மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று மணிப்பூர் வழக்கில் 2020இலும், தெலங்கானாவின் 10 பி.ஆர்.எஸ். எம்.எல்.ஏ.க்கள் வழக்கில் 2025 ஜூலையிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்பதே நிலைமையைச் சொல்லும்.

வியூகமாகப் பார்த்தால், 18 பேர் போனதில் சபையின் மொத்த எண்ணிக்கை குறைந்தது, பெரும்பான்மைக்குத் தேவையான எண்ணும் கூடவே இறங்கியது. 2019இல் நடந்த 22 இடைத்தேர்தல்களில் தி.மு.க. 13 இடங்களை ஜெயித்தும், அ.தி.மு.க. பிடித்த 9 இடங்கள் ஆட்சியைக் காப்பாற்றிவிட்டன.

கட்சியே ஒருவரை நீக்கிவிட்டால் அவர் சுதந்திரப் பறவைதானே?

இல்லை. 'கழகத்துக்குக் களங்கமும் அவப்பெயரும் ஏற்படும் வகையில் செயல்பட்டதால் அடிப்படை உறுப்பினர் பதவி உட்பட அனைத்துப் பொறுப்புகளில் இருந்தும்' என்று அறிக்கை வந்தாலும், சட்டமன்றத்தில் அவர் அந்தக் கட்சிக்காரர்தான். இந்த விதியை நாட்டுக்குக் கொடுத்ததே ஒரு தமிழ்நாட்டு வழக்கு. 1994இல் அ.தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட ஜி. விஸ்வநாதனும் இன்னொரு எம்.எல்.ஏ.வும் ம.தி.மு.க. பக்கம் போனார்கள், பதவி பறிபோனது. அது சரிதான் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது.

அதனால்தான் நீக்கப்பட்ட எம்.எல்.ஏ. உடனே அடுத்த கட்சியில் அட்டை வாங்க மாட்டார். ஆயிரம் விளக்கு தி.மு.க. எம்.எல்.ஏ. கு.க. செல்வம் 2020 ஆகஸ்டில் டெல்லி போய் பா.ஜ.க. தலைவர் நட்டாவைச் சந்தித்தார். தி.மு.க. அவரை நீக்கியது. அவர் பா.ஜ.க.வில் முறைப்படி சேர்ந்தது 2021 மார்ச்சில், தேர்தல் அறிவிப்பெல்லாம் வந்த பிறகு. 2022இல் மறுபடி தி.மு.க.வுக்கே திரும்பினார்.

கட்சியும் மாறாமல், பழைய கட்சியிலும் இல்லாமல் இருக்க முடியுமா?

தே.மு.தி.க.வைக் கேளுங்கள். 2011இல் அ.தி.மு.க. கூட்டணியில் 29 இடங்களில் ஜெயித்து, விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். கூட்டணி முறிந்த பிறகு, 2012 முதல் அவருடைய எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராக முதல்வர் ஜெயலலிதாவைப் பார்த்துப் பூங்கொத்து கொடுக்க ஆரம்பித்தார்கள். காரணம் கேட்டால் 'தொகுதி வளர்ச்சி'. தாவவில்லை, சந்தித்தார்கள், அவ்வளவுதான். உறுப்பினராக நீடித்தார்கள், சம்பளமும் ஓடியது. 2016 பிப்ரவரியில், தேர்தலுக்கு மூன்று மாதம்கூட இல்லாதபோது மொத்தமாக ராஜினாமா செய்தார்கள். விஜயகாந்தின் எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்தும் அதோடு போனது. அந்த வரிசையில் இருந்த மாஃபா பாண்டியராஜன், விருதுநகரில் முரசு சின்னத்தில் ஜெயித்தவர், ஆவடியில் இரட்டை இலையில் ஜெயித்து அமைச்சரானார்.

ஏன் கடைசி நேரத்திலேயே தாவுகிறார்கள்?

சீட் கிடைக்காது என்பது தெரியவருவது கடைசியில்தான். இது எல்லோருக்கும் தெரிந்த காரணம். அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. ஒரு தொகுதி காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். ஆனால் சபையின் ஆயுள் ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்தால் நடத்தத் தேவையில்லை. அந்தக் கடைசி வருடத்தில் ராஜினாமா செய்கிறவர் உடனே மக்களைச் சந்திக்க வேண்டியதில்லை, புதுக் கட்சியும் ஓர் இடைத்தேர்தல் செலவைத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. 2025 நவம்பரில் ஆலங்குளம் எம்.எல்.ஏ. மனோஜ் பாண்டியன் தி.மு.க.வுக்கும், கோபிசெட்டிபாளையம் எம்.எல்.ஏ. செங்கோட்டையன் தமிழக வெற்றிக் கழகத்துக்கும் போனது இந்தக் காலத்தில்தான்.

விஷயத்துக்கு வருவோம். ஆள் மாறினால் ஓட்டும் மாறுமா?

பெரும்பாலும் மாறாது, சென்னையில் இன்னும் மாறாது என்பது என் கணிப்பு. வட சென்னையை வைத்தே சொல்கிறேன்.

பி.கே. சேகர்பாபு ஆர்.கே. நகரில் 2001, 2006 இரண்டு தேர்தலிலும் இரட்டை இலையில் ஜெயித்தவர். தெருத்தெருவாகப் பழக்கம், எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் சாவு என்று தெரிந்து போய் நிற்கிறவர் என்று பெயர். 2011 ஜனவரியில் தி.மு.க.வுக்கு வந்தார். அதே ஆர்.கே. நகரில் அதே வருடம் உதயசூரியனில் நின்றார். தோற்றார். ஜெயித்தவர் பி. வெற்றிவேல், சின்னம் இரட்டை இலை. அந்த ஊர் மக்களுக்குச் சேகர்பாபுவைத் திடீரென்று பிடிக்காமல் போகவில்லை. அவர்கள் ஓட்டில் அவருடைய பங்கு எவ்வளவு, சின்னத்தின் பங்கு எவ்வளவு என்பது அன்றைக்குத்தான் பிரிந்து தெரிந்தது. பிறகு அவர் துறைமுகம் தொகுதிக்கு மாறி 2016, 2021 இரண்டிலும் ஜெயித்து அமைச்சரானார். கட்சிக்கு அவரால் கிடைத்தது ஆர்.கே. நகர் ஓட்டு இல்லை, ஒரு திறமையான அமைப்பாளர்.

அவரைத் தோற்கடித்த வெற்றிவேல் கதையையும் பாருங்கள். 2015இல் ஜெயலலிதாவுக்காக ஆர்.கே. நகரை விட்டுக்கொடுத்தார், 2016இல் பெரம்பூரில் ஜெயித்தார், 2017இல் அந்த 18 பேரில் ஒருவராகப் பதவி இழந்தார். 2019 இடைத்தேர்தலில் அதே பெரம்பூரில் தினகரனின் அ.ம.மு.க. சார்பில் நின்று தோற்றார். 22 தொகுதிகளில் ஒன்றில்கூட அ.ம.மு.க. ஜெயிக்கவில்லை.

ஆனால் தினகரன் அதே ஆர்.கே. நகரில் ஜெயித்தாரே?

நியாயமான கேள்வி. 2017 டிசம்பரில் சுயேச்சையாக, பிரஷர் குக்கர் சின்னத்தில், 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். இரட்டை இலை இரண்டாமிடம், தி.மு.க. டெபாசிட் இழந்தது. சின்னம்தான் எல்லாம் என்று நினைத்தவர்கள் அன்றைக்கு முகம் வெளிறிப் போனார்கள்.

ஆனால் அது ஓர் இடைத்தேர்தல். முழுக் கவனமும், முழுச் சக்தியும், மற்றதும் ஒரே தொகுதியில் குவிந்திருந்தன. அந்த ஆண்டு ஏப்ரலில் அங்கே நடக்க வேண்டிய தேர்தலே பணப் பட்டுவாடா புகாரில் ரத்தானது என்பதும் நினைவில் இருக்கட்டும். அதையே மாநிலம் முழுக்கச் செய்ய முடியவில்லை. 2021இல் தினகரனே கோவில்பட்டியில் தோற்றார்.

உண்மையான விதிவிலக்குகள் வேறு. திருச்செந்தூரில் அனிதா ராதாகிருஷ்ணன் 2001, 2006இல் அ.தி.மு.க.வாக ஜெயித்தவர். 2009இல் தி.மு.க.வுக்கு வந்து இடைத்தேர்தலில் ஜெயித்தார். தி.மு.க. மண்ணைக் கவ்விய 2011லும் ஜெயித்தார், அதற்குப் பிறகும் ஜெயித்தார். செந்தில் பாலாஜி அரவக்குறிச்சியில் 2016இல் இரட்டை இலையில் ஜெயித்து, 2019இல் அதே தொகுதியில் உதயசூரியனில் ஜெயித்தார். இங்கெல்லாம் ஓட்டு ஆளோடு போனது.

சென்னைக்கும் இந்த ஊர்களுக்கும் என்ன வித்தியாசம்? சென்னையில் வாடகை வீட்டுக்காரர்கள் அதிகம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஏரியா மாறுகிறார்கள். எம்.எல்.ஏ. முகம் பழகும் முன் வாக்காளர் பட்டியலில் முகவரி மாறிவிடுகிறது. தொலைக்காட்சியில் பார்க்கும் தலைவரும் சின்னமும்தான் அவர்களுக்குப் பழக்கம். அதனால் சென்னை அலையோடு போகும் ஊர்: 16 தொகுதிகளில் 2011இல் 14 அ.தி.மு.க. அணிக்கு, 2021இல் பதினாறும் தி.மு.க. அணிக்கு. இதில் தனி ஆள் எவ்வளவு தூரம் எதிர்நீச்சல் போட முடியும்?

ஓட்டு வராது என்றால் கட்சிகள் ஏன் சால்வையோடு காத்திருக்கின்றன?

மொத்தமாக வராது என்றுதான் சொன்னேன், கொஞ்சமும் வராது என்று சொல்லவில்லை. அந்தக் கொஞ்சம் சில இடங்களில் தங்கம். 2021இல் தி.நகரில் தி.மு.க. ஜெயித்தது 137 ஓட்டில். மொடக்குறிச்சியில் பா.ஜ.க. 281 ஓட்டில். 2016இல் ராதாபுரத்தில் அப்பாவு தோற்றது 49 ஓட்டில். அங்கே ஒரு வட்டச் செயலாளர், தன் சொந்தக்காரர்கள், தன் ஆட்டோ ஸ்டாண்டு, தான் ரேஷன் அட்டை வாங்கிக் கொடுத்த நாலு தெரு என்று கூட்டிவந்தாலே கணக்கு மாறும்.

அடுத்தது ஆள் பலம். ஓட்டுப்பதிவு நாளில் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் காலை முதல் மாலை வரை உட்கார ஒரு முகவர் வேண்டும். பட்டியலைப் பார்த்து, 'இந்த வீட்டுல நாலு ஓட்டு, இன்னும் ரெண்டு வரல' என்று வெளியே ஆளனுப்பத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இப்படிப்பட்டவர்களை ஆறு மாதத்தில் உருவாக்க முடியாது, எதிர்க்கட்சியிலிருந்து கூட்டிவரலாம். வருகிறவர் எதிராளியின் முகவர்களைக் கலைத்துவிட்டு வருவதால் லாபம் இரட்டிப்பு.

மூன்றாவது, செய்தி. 'கப்பல் மூழ்குகிறது' என்ற எண்ணத்தை எதிர் முகாமில் பரப்ப, தினமும் ஒரு முன்னாள் அமைச்சர் வந்தால் போதும். அவரால் நூறு ஓட்டுகூட வராமல் போகலாம். ஆனால் அன்றைக்கு மாலை விவாத நிகழ்ச்சிகள் முழுக்க 'அந்தக் கட்சியில் என்ன நடக்கிறது?' என்றே ஓடும்.

'மாற்றுக் கட்சியினர் 500 பேர் இணைந்தனர்' என்ற செய்தியை நம்பலாமா?

இணைப்பு விழாவைக் கிட்டே நின்று பார்த்தால் புரியும். வாசலில் வேன்கள் நிற்கும். இறங்குகிறவர்களுக்குப் புதுக் கரை வேட்டியும் துண்டும் கொடுப்பார்கள். சிலர் ஓரமாகப் போய்ப் பழைய கரையை மாற்றிக்கொள்வார்கள், சிலர் பேன்ட் மேலேயே துண்டைப் போட்டுக்கொள்வார்கள். மேடையில் தலைவர் பக்கத்தில் நிற்கப் பத்துப் பேருக்குத்தான் இடம். அந்தப் பத்துக்குத்தான் தள்ளுமுள்ளு. மற்றவர்கள் பின்னால் இருந்து கையைத் தூக்குவார்கள். போட்டோ முடிந்ததும் பாதிப் பேர் சாப்பாட்டுப் பந்தலில் இருப்பார்கள்.

எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். வந்தவர்களின் பட்டியலில் பாகம் எண் இருக்கிறதா என்று பாருங்கள். வாக்காளர் பட்டியலில் ஒரு வாக்குச்சாவடிக்கான பகுதிதான் பாகம். பாகத்துக்கு நாலு பேர் வீதம் ஐம்பது பாகத்திலிருந்து இருநூறு பேர் வந்தால் எதிர்க்கட்சி பயப்பட வேண்டும். ஒரே தெருவிலிருந்து ஐந்நூறு பேர் வந்தால் வேன் வாடகைதான் மிச்சம்.

ஏற்கெனவே கட்சியில் இருக்கிறவர்கள் என்ன ஆவார்கள்?

தாவலின் உண்மையான விலை இதுதான், இதைக் கட்சிகள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகின்றன.

ஒரு தொகுதியில் சீட்டுக்காக மூன்று பேர் பத்து வருடமாகக் காத்திருப்பார்கள். வழக்கு வாங்கியவர், சிறை போனவர், ஆட்சியில் இல்லாத காலத்தில் சொந்தக் காசில் பொதுக்கூட்டம் போட்டவர். அவர்கள் யாரை எதிர்த்து இதையெல்லாம் செய்தார்களோ, அதே ஆள் சால்வை வாங்கிக்கொண்டு வரிசையின் முன்னால் வந்து நிற்பார். அவருக்கு வேலை செய்யச் சொல்லி மாவட்டச் செயலாளர் கூப்பிட்டால் 'சரிண்ணே' என்பார்கள். மேடையில் ஏறுவார்கள், கையைப் பிடித்துத் தூக்குவார்கள். ஆனால் வீடு வீடாகப் போகும் நேரத்தில் செல்போன் அணைந்திருக்கும். உள்ளடி வேலை என்பது எதிர்த்து வேலை செய்வது மட்டுமில்லை, வேலை செய்யாமல் இருப்பதும்தான். முடிவு வந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

விவரமான தலைமை வந்தவரை உடனே அவர் பழைய தொகுதியிலேயே நிறுத்தாது. முதலில் கட்சிப் பொறுப்பு கொடுத்து, எல்லோரோடும் பழகவிட்டு, பிறகு சீட் கொடுக்கும். அல்லது சொந்தக் கட்சி அடியோடு பலவீனமாக இருக்கும் மாவட்டத்தில் மட்டும் ஆள் பிடிக்கும். அங்கே வரிசையில் நிற்க ஆளே குறைவு, கோபமும் குறைவு. செந்தில் பாலாஜியின் கரூரில் தி.மு.க.வுக்கு அப்படித்தான் பலன் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

அ.தி.மு.க.விலிருந்து தி.மு.க.வுக்கு இவ்வளவு எளிதாக எப்படிப் போகிறார்கள்?

மேடையில் அண்ணா படம் மாறுவதில்லை. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். நீக்கப்பட்டுப் புதுக் கட்சி தொடங்கியபோது ஒரே குடும்பம் இரண்டானது. தமிழ், மாநில உரிமை, இட ஒதுக்கீடு என்று பேசிய வசனத்தில் பெயர்களை மட்டும் மாற்றினால் போதும். திரும்பி வருகிறவர் 'தாய்க் கழகத்துக்கே வந்துவிட்டேன்' என்று சொல்லிக்கொள்ளவும் வசதி.

2021 மே மாதம் பதவியேற்ற மு.க. ஸ்டாலின் அமைச்சரவையில் முதல்வரோடு 34 பேர். அதில் எ.வ. வேலு, கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், முத்துசாமி, ரகுபதி, சேகர்பாபு, ராஜகண்ணப்பன், அனிதா ராதாகிருஷ்ணன், செந்தில் பாலாஜி என்று 8 பேர் முன்னாள் அ.தி.மு.க.வினர். காத்திருந்த பழைய தி.மு.க.காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று முந்தைய பதிலோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

தேசியக் கட்சிக்குப் போனவர்கள்?

கலவையான கதை. அ.தி.மு.க. அமைச்சராக இருந்த நயினார் நாகேந்திரன் 2017இல் பா.ஜ.க.வுக்குப் போனார், 2021இல் திருநெல்வேலியில் ஜெயித்தார், 2025இல் மாநிலத் தலைவரானார். இன்னொரு பக்கம் விளவங்கோட்டில் மூன்று முறை காங்கிரஸ் எம்.எல்.ஏ.வாக இருந்த விஜயதரணி 2024 பிப்ரவரியில் பா.ஜ.க.வில் சேர்ந்தார். மக்களவைத் தேர்தலில் சீட் கிடைக்கவில்லை. அவர் விட்ட இடத்தில் நடந்த இடைத்தேர்தலில் காங்கிரஸே மறுபடி ஜெயித்தது. தி.மு.க., காங்கிரஸ் வழியாக பா.ஜ.க.வுக்கு வந்த குஷ்பு 2021இல் ஆயிரம் விளக்கில் தி.மு.க.வின் எழிலனிடம் தோற்றார்.

புதுக் கட்சிக்குப் பழைய ஆள் தேவையா?

தேவைதான். கூட்டம் இருக்கும், பூத் இருக்காது. 1977 முதல் தேர்தல் பார்த்த செங்கோட்டையன் மாதிரி ஒருவருக்கு, வேட்புமனு எங்கே தள்ளுபடியாகும் என்பதிலிருந்து எண்ணும் மேஜையில் யாரை உட்கார வைப்பது என்பது வரை தெரியும். அதே சமயம், 'மாற்றம்' என்று சொல்லி வந்த கட்சியில் பழைய முகங்கள் கூடக் கூட அந்தச் சொல்லின் எடை குறையும்.

கட்சியே உடைந்தால் சின்னம் யாருக்கு?

தேர்தல் ஆணையம் முடிவு செய்யும். சின்னம் முடங்கினால் இரண்டு பக்கமும் நஷ்டம். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு 1989 தேர்தலில் ஜெயலலிதா அணி சேவல், ஜானகி அணி இரட்டைப் புறா. தி.மு.க. 150 இடங்களில் ஜெயித்தது, ஜெயலலிதா அணிக்கு 27, ஜானகி அம்மாளே ஆண்டிப்பட்டியில் தோற்றார். அணிகள் இணைந்து இரட்டை இலை திரும்பியதும், சில வாரங்களிலேயே மருங்காபுரி, மதுரை கிழக்கு இரண்டு தேர்தலும் அ.தி.மு.க.வுக்கு. 2017இல் இரு அணிகளும் அவ்வளவு அவசரமாகக் கைகோத்ததற்கு இந்த நினைவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

கூட்டணி மாறுவது தாவல் இல்லையா?

சட்டத்தில் இல்லை. பா.ம.க. 1998இல் அ.தி.மு.க.வோடு, 1999இல் தி.மு.க. இருந்த அணியில், 2001இல் அ.தி.மு.க.வோடு, 2004இல் தி.மு.க.வோடு. யாரும் வழக்குப் போட முடியாது. ஓட்டுக் கணக்கில் இதுதான் பெரியது, பத்து முன்னாள் அமைச்சர்கள் வந்தாலும் ஒரு கூட்டணிக் கட்சி வருவதற்கு ஈடாகாது.

கூட்டணிக் கட்சிக்காரர் பெரிய கட்சியின் சின்னத்தில் ஜெயித்தால் யாருடைய ஆள்?

சபைக்குள் சின்னத்துக்குச் சொந்தமான கட்சியின் ஆள். 2019இல் வி.சி.க.வின் ரவிக்குமார் விழுப்புரத்தில் உதயசூரியனில் நின்றார், திருமாவளவனோ சிதம்பரத்தில் பானை சின்னத்தில் நின்று 3,219 ஓட்டில் தப்பித்தார். தனிச் சின்னம் என்றால் ஜெயிப்பது கடினம், ஜெயித்தால் குரல் சொந்தம். பெரிய சின்னம் என்றால் வெற்றி எளிது, கொறடா வேறு வீட்டில். தொகுதிப் பங்கீட்டில் சின்னத்துக்காக நடக்கும் இழுபறிக்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் வார்டு கவுன்சிலர் கட்சி மாறிவிட்டார். பதவி போகுமா?

பத்தாவது அட்டவணை உள்ளாட்சிக்குப் பொருந்தாது. கேரளம் மாதிரி சில மாநிலங்கள் உள்ளாட்சிக்குத் தனிச் சட்டம் வைத்திருக்கின்றன. மேயரையும் நகராட்சித் தலைவரையும் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் முறையில் கவுன்சிலர் தாவலுக்கு மதிப்பு அதிகம். 2022இல் 200 வார்டில் 153ஐ தி.மு.க.வே பிடித்ததால் சென்னையில் அந்தப் பரபரப்புக்கு வேலை இல்லாமல் போனது.

தகுதி நீக்கமானவர் மறுபடி நிற்கலாமா?

நிற்கலாம். மறுபடி ஜெயிக்கும் வரை, அல்லது அந்தச் சபையின் ஆயுள் முடியும் வரை, அமைச்சராக முடியாது. கர்நாடகத்தில் 2019இல் 17 பேர் தகுதி நீக்கமானார்கள். டிசம்பரில் 15 இடங்களில் இடைத்தேர்தல் நடந்தது, 12 இடங்களில் பா.ஜ.க. ஜெயித்தது. அந்த 17 பேரில் பெரும்பாலோர் அதே தொகுதியில் புதுச் சின்னத்தில் நின்றவர்கள்தான்.

என் எம்.எல்.ஏ. தாவிவிட்டார். சாதாரண வாக்காளனாக நான் ஏதாவது செய்ய முடியுமா?

திரும்ப அழைக்கும் உரிமை நம் சட்டமன்றத் தேர்தலில் கிடையாது. ஆனால் தகுதி நீக்கம் கோரி சபாநாயகரிடம் மனு கொடுக்க எம்.எல்.ஏ.வாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அக்கறை உள்ள யாரும் கொடுக்கலாம் என்று ஒடிசா வழக்கு ஒன்றில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதற்குத் தமிழ்நாட்டில் 1986ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. என்ன நடந்தது, எந்தத் தேதியில், எந்த மேடையில் என்பதை ஆதாரத்தோடு எழுதி, புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள சட்டமன்றச் செயலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் ஆகியும் அசைவில்லை என்றால், அந்த ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொண்டுதான் வக்கீல் உயர் நீதிமன்றத்தில் பேச ஆரம்பிப்பார்.